ஐம்பத்திரண்டு செருப்பும் இருபத்தைந்து ஆட்களும்

நான் வேதியியலில் தங்கப் பதக்கம் வாங்கியவள். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். படித்து முடித்த பிறகு சொன்னால் நீங்கள் யாரும் நம்ப மாட்டீர்கள். பதக்கம் இன்றும் விருதுநகரில் அம்மா வீட்டு ஷோகேஸில், ஊட்டியில் வாங்கிய கண்ணாடி மானுக்கும் ஏசு படத்துக்கும் நடுவில் இருக்கிறது. அம்மா ஓய்வுபெற்ற நர்ஸ். தெருவில் யாராவது பிரஷர் பார்த்துக்கொள்ள வந்தால் முதலில் பதக்கத்தைக் காட்டுவார், அப்புறம்தான் கையில் பட்டையைச் சுற்றுவார். (பதக்கத்தின் கதையைக் கேட்டு முடித்தவர்களுக்கு பிரஷர் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும்.)

அந்தப் பதக்கத்தை வாங்கித் தந்தது சமன்பாடுகள். அம்புக்குறிக்கு இடப்பக்கம் எத்தனை அணு, வலப்பக்கம் எத்தனை அணு என்று எண்ண வேண்டும். குறைகிற இடத்தில் முன்னால் ஓர் எண்ணைப் போட வேண்டும். எனக்கு அது கோலம் போடுவது மாதிரி. பஸ்ஸில் நின்றுகொண்டே மனசுக்குள் நான்கைந்து போட்டுவிடுவேன். ஆனால் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். அந்த எழுத்துகள் உலகத்தில் இருக்கிற எதையாவது குறிக்கின்றன என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை. Fe என்று எழுதினால் எனக்கு அது Fe மட்டும்தான். எங்கள் வீட்டு இரும்பு பீரோ ஒரு நாளும் ஞாபகத்துக்கு வந்தது கிடையாது.

இப்படிப்பட்ட மேதைக்கு ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. கணவர் சாமுவேலுக்கு சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் ஆபீசில் வேலை, எனவே இடமும் தோதாக அமைந்தது. வேலை தற்காலிகம்தான். தாளாளர் ஒரு நாள் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்ப்பார். பிடித்திருந்தால் நிரந்தரம். பிடிக்கவில்லை என்றால், "வேற இடம் பாத்துக்கோங்கம்மா." எனக்கு முன்னால் இருந்த இரண்டு வேதியியல் டீச்சர்களும் வேறு இடம் பார்த்துக்கொண்டவர்கள். இதில் சிக்கல் என்னவென்றால், என் அம்மா அதற்குள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எழுந்து நின்று, மகளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது என்று சாட்சியே சொல்லிவிட்டார். ஆண்டவர் செய்யாததை எல்லாம் அவர் கணக்கில் எழுதிவிட்ட பிறகு, நான் வேலையை இழந்தால் அம்மா எந்த முகத்தோடு சர்ச்சுக்குப் போவார்?

எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் அப்பா அம்மா பெரும்பாலும் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். விடிகிற நேரத்துக்குக் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். பள்ளிக்கு வாருங்கள் என்றால் எப்போது வருவார்கள்? வருடத்தில் ஒரே ஒரு இடைவெளி உண்டு. தீபாவளி முடிந்து, மறுபடி பூஜை போட்டுக் கம்பெனியைத் திறக்கிற வரை. அந்த நாட்களில் ஒன்றைத்தான் தலைமையாசிரியை ரோஸ்லின் மிஸ் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளைகளுக்கு அன்னைக்கு லீவு விட்டுரலாம் மெர்சி. பெத்தவங்க வந்து அவங்கவங்க பிள்ளை இடத்துல உக்காந்து ஒரு பீரியடு பாடம் கேக்கட்டும். அப்பத்தான் பத்தாவது முடிச்சதும் சயின்ஸ் குரூப்ல சேக்க மனசு வரும். நீங்க எடுங்க. தாளாளரும் வந்து உக்காருதேன்னு சொல்லிட்டாரு."

அதாவது என் தலையெழுத்தை எழுதப்போகிற பீரியடு அதுதான்.

வீட்டுக்கு வந்து திட்டம் போட்டேன். முதலில் மெக்னீசிய நாடாவைக் கொளுத்தி ஒரு வெள்ளை வெளிச்சம். எல்லாரும் வாயைப் பிளப்பார்கள். பிறகு தராசு. ஒரு தட்டில் மெல்லிய இரும்பு நார், மரச்சாமானைத் தேய்த்துப் பளபளப்பாக்க பெயின்ட் கடையில் விற்பார்களே, அது. மறு தட்டில் அதே எடைக்குப் படிக்கல். நாரைக் கொளுத்தினால் பொறி பறக்க எரியும். எரிந்த பிறகும் தட்டு அசையாமல் நிற்கும். "பார்த்தீர்களா, வேதிவினையில் எதுவும் கூடாது, குறையாது" என்று நான் கையை விரிப்பேன். கைத்தட்டல். நிரந்தரம்.

சாமுவேல் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "பட்டாசுக் கம்பெனிக்காரங்க முன்னாடி போய்த் தீயக் காட்டப் போறியா?"

"அவங்களுக்குத் தெரியாத தீயா?" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் கேட்ட கேள்விகளிலேயே பதில் தெரியாமல் கேட்ட மிகப் பெரிய கேள்வி அது. ஒத்திகை பார்த்தாயா என்று நீங்கள் கேட்கலாம். பார்க்கவில்லை. தங்கப் பதக்கம் வாங்கியவர்கள் ஒத்திகை பார்ப்பதில்லை.

அன்று காலை பத்து மணிக்கு இருபத்தாறு பேர் வந்தார்கள். வராந்தாவில் ஒருவர் விடாமல் செருப்பைக் கழற்றி, ஜோடி ஜோடியாகச் சுவரோரம் வரிசையாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு வகுப்புக்குள் வந்தார்கள். கல்விக்கு இந்த மண்ணில் எவ்வளவு மரியாதை! கோயிலுக்குள் வருவது போல வருகிறார்களே என்று ரோஸ்லின் மிஸ்ஸிடம் உருகினேன். முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்த கருப்பசாமி அண்ணன் என் உருக்கத்தை உடனே சரிசெய்தார். அவர் ஒரு கம்பெனியில் போர்மேன். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, சட்டைப்பையில் ஒரு பேனாகூடக் கிடையாது.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர். கம்பெனி ரூமுக்குள்ள செருப்புப் போடக்கூடாது. உரசுனா ஆபத்து. கால் அதுபாட்டுக்குக் கழத்திருது."

அப்புறம் அவர் எழுந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். எங்கள் வகுப்பறைக்கு இரண்டு கதவு. வராந்தாப் பக்கம் ஒன்று, மைதானத்துப் பக்கம் ஒன்று. மைதானத்துக் கதவு எப்போதும் பூட்டியே இருக்கும்.

"அந்தக் கதவு ஏன் பூட்டியிருக்கு?"

"காத்து வரும்ண்ணே. தராசு ஆடும்" என்றேன்.

"இம்புட்டுப் பேரு ஒரு ரூமுக்குள்ள இருக்கோம். எங்க கம்பெனில ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல விட மாட்டோம். தொறக்கச் சொல்லுங்க டீச்சர்." மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் திறக்கும் வரை உட்காரவில்லை. அவர் நின்றதைப் பார்த்து மற்ற இருபத்தைந்து பேரும் எழுந்து நின்றுகொண்டார்கள். வாட்ச்மேனைத் தேடிப்பிடித்துச் சாவி வாங்கி வந்து திறப்பதற்குள் என் பீரியடில் கால்வாசி போய்விட்டது. நான் மனசுக்குள் கருப்பசாமி அண்ணனைத் திட்டிக்கொண்டே இருந்தேன். (இந்தக் கதவுக்கு எவ்வளவு பெரிய கடன் படப்போகிறேன் என்று அப்போது தெரியாது.)

தாளாளர் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், பெரிய சரீரம். அவருக்கும் ரோஸ்லின் மிஸ்ஸுக்கும் என் மேஜைக்குப் பக்கத்தில், திறந்த அந்த மைதானத்துக் கதவை ஒட்டி நாற்காலி போட்டிருந்தது. பாடம் ஆரம்பித்தேன்.

கரும்பலகையில் எழுதினேன்: Fe + O₂ → Fe₃O₄.

"இது இரும்பு. இது நாம மூச்சு விடுற காத்துல இருக்கிற ஆக்சிஜன். ரெண்டும் சேர்ந்து எரிஞ்சா வர்றது வலப்பக்கம் இருக்கு. இப்போ இடப்பக்கம் இரும்பு ஒண்ணு. வலப்பக்கம் மூணு. சரியா இருக்கா?"

"இல்ல" என்றார்கள்.

"அப்போ இரும்புக்கு முன்னாடி மூணு போடணும். ஆக்சிஜன் வலப்பக்கம் நாலு. இடப்பக்கம் ரெண்டு. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. ஆக்சிஜன் தனியா வராது. ரெண்டு ரெண்டா ஒட்டிக்கிட்டுத்தான் வரும். அடியில இருக்கிற சின்ன எண்ண நாம தொடக்கூடாது."

"ஒண்ணு மட்டும் வேணும்னா?" என்றார் கருப்பசாமி அண்ணன்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, வாசலைக் காட்டினேன். "அங்க வரிசையா வச்சிருக்கீங்களே, அது மாதிரி. ஒத்தைச் செருப்பு கடையில கேட்டா குடுப்பாங்களா? ஜோடியாத்தான் வாங்கணும். இப்போ சொல்லுங்க, நாலு ஆக்சிஜன் வேணும், எத்தனை ஜோடி?"

"ரெண்டு சோடி" என்றாள் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண். பெயர் முத்துமாரி. என் வயதுதான் இருக்கும். அவள் மகள் செல்வி என் ஒன்பதாம் வகுப்பில் படித்தாள். முத்துமாரி தரைச்சக்கரம் சுற்றுகிற வேலையில் பதினாலு வயதிலிருந்து பதினெட்டு வருடமாக இருப்பவள் என்று பிறகு தெரிந்தது. அப்போதைக்கு அவள் விரல்கள்தான் கண்ணில் பட்டன. நகத்தின் ஓரங்களில் எத்தனை கழுவினாலும் போகாத ஒரு சாம்பல் நிறம்.

3Fe + 2O₂ → Fe₃O₄ என்று எழுதி முடித்தேன். "அவ்வளவுதான். உள்ள எத்தனை போச்சோ அத்தனை வெளிய வரணும். ஒண்ணு கூடக்கூடாது, ஒண்ணு குறையக்கூடாது. இதுதான் சமன்பாடு."

கருப்பசாமி அண்ணன் தலையாட்டினார். "இத நாங்க தெனமும் சாயங்காலம் பாக்கோம் டீச்சர். காலைல எத்தன பேரு உள்ள போனாகளோ, அத்தன பேரும் வேன்ல ஏறியாச்சான்னு எண்ணாம நான் வீட்டுக்குப் போறதில்ல."

தாளாளர் புன்னகைத்தார். அந்தப் புன்னகையில் என் நியமன ஆணை டைப் அடிக்கப்பட்டு, கையெழுத்தாகி, முத்திரையும் விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மணி அடிக்க இன்னும் பதினைந்து நிமிடம்தான் இருந்தது. ஆனால் வாயைப் பிளக்க வைக்க வேண்டுமே! இரும்பு நார்த் தட்டைத் தராசில் வைத்து, மறுதட்டில் படிக்கல்லைச் சரிபார்த்து, "இதுல வெடிமருந்து எதுவும் இல்ல, வெறும் இரும்பு. என்ன ஆனாலும் தட்டு ஆடாது. இப்போ ஒரு அதிசயம் பாருங்க" என்று சொல்லி, இடுக்கியில் மெக்னீசிய நாடாவைப் பிடித்துத் தீக்குச்சியை உரசினேன்.

நாடா பற்றிக்கொண்டது. கண்ணைப் பறிக்கிற வெள்ளை.

"ஓடு!"

கருப்பசாமி அண்ணன் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அதற்கப்புறம் நடந்ததை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், ஆனால் சரியாகச் சொல்ல இன்னும் வரவில்லை. யாரும் அலறவில்லை. யாரும் யாரையும் தள்ளவில்லை. ஒரு பெஞ்சு சாயவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, பையை எடுக்கவில்லை, என்ன ஏது என்று கேட்கவில்லை. பாதிப் பேர் அந்தக் கதவு, பாதிப் பேர் இந்தக் கதவு என்று யாரோ முன்பே பிரித்துக் கொடுத்தது மாதிரி வெளியேறினார்கள். நான் ஒரு மூச்சு முழுதாக விடுவதற்குள் அறை காலி. ஐம்பது வயதுக்காரர் ஒருவர் பெஞ்சைத் தாண்டிய தாண்டலை எங்கள் பி.டி. மாஸ்டர் பார்த்திருந்தால் மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருப்பார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர்கள் நாடாவைப் பார்க்கவில்லை. அந்த வெள்ளையைப் பார்த்தார்கள். அந்த வெள்ளைக்கு அவர்கள் ஊரில் ஒரே ஒரு அர்த்தம்தான்.

இதையெல்லாம் நான் வகுப்பறையில் நின்றுகொண்டு நிதானமாகக் கவனித்ததாக நீங்கள் நினைக்க வேண்டாம். நானும் ஓடினேன். எரிகிற நாடாவை இடுக்கியோடு அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். மைதானத்துக் கதவு வழியாக முதலில் வெளியே வந்தவர் ரோஸ்லின் மிஸ். இரண்டாவது தாளாளர். மூன்றாவது நான். முதல் மூன்று இடங்களையும் நிர்வாகத் தரப்பே பிடித்துவிட்டது. தாளாளர் அதோடு நிற்கவில்லை. அந்தச் சரீரத்தோடு காம்பவுண்டுச் சுவரில் ஏறி, பக்கத்து மக்காச்சோளக் காட்டுக்குள் குதித்துவிட்டார்.

மைதானத்து ஓரம் புங்கமரத்தடியில் எல்லாரும் வந்து சேர்ந்தோம். நான் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இரைக்கிறேன். அவர்கள் யாருக்கும் மூச்சே வாங்கவில்லை. கருப்பசாமி அண்ணன் எண்ணிக்கொண்டிருந்தார். விரலை நீட்டி, உதடு அசைய, ஒவ்வொரு தலையாக. எண்ணி முடித்தவர் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

"ஏலே பாண்டி. சுத்திப் போயி வராந்தாவுல செருப்ப எண்ணிட்டு வா. உள்ள போகாத."

பாண்டி என்கிறவர் ஓடிப்போய்த் திரும்பி வந்தார். "அம்பத்திரெண்டு."

"அம்பத்திரெண்டுன்னா இருபத்தாறு சோடி. இங்கன இருபத்தஞ்சு பேருதான் இருக்கோம்."

அதுவரை எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாகத்தான் இருந்தது; ஒரு சாண் நாடாவுக்கு இத்தனை ஓட்டமா என்று. அவர்கள் முகங்களைப் பார்த்ததும் சிரிப்பு செத்துப்போனது. அந்த முகங்கள் இதற்கு முன்னாலும் இப்படி எண்ணியிருக்கின்றன. எண்ணிக்கை குறைந்த நாளையும் பார்த்திருக்கின்றன. எல்லாரும் பக்கத்தில் இருப்பவர் யார் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரோஸ்லின் மிஸ் பரமண்டல ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். நான் ஆயிரம் சமன்பாடுகளைச் சமன் செய்தவள். இடப்பக்கம் இருபத்தாறு, வலப்பக்கம் இருபத்தைந்து என்றால் என்ன என்று என் வயிறு புரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

"முத்துமாரியக் காணோம்" என்றாள் ஒரு பெண்.

நான் அறையை நோக்கி ஓடினேன். கருப்பசாமி அண்ணன் குறுக்கே வந்தார். "டீச்சர், உள்ள போகக்கூடாது!"

"உள்ள வெடிக்க ஒண்ணுமே இல்லண்ணே!"

"அப்ப நீங்க ஏன் ஓடுனீக?"

அந்த அறையில் வெடிக்கிற பொருள் எதுவும் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் நான். அந்த ஒரே ஆள்தான் வந்திருந்த எல்லாருக்கும் முன்னால் ஓடியவள். அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன்.

முத்துமாரி என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மேஜையில் இரண்டு முழங்கையையும் ஊன்றி, கன்னத்தைக் கையில் தாங்கி, தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போட்டுவிட்டு ஓடிய நாடா நேராக இரும்பு நாரில் விழுந்து, அதைப் பற்றவைத்திருந்தது. நார் சடசடவென்று எரியவில்லை. பொன் நிறத்தில் சின்னச் சின்னப் பொறிகள் இழை இழையாக ஊர்ந்தன. ஒரு இழையில் போய் முடிந்து, அடுத்த இழைக்குத் தாவி, கிளை பிரிந்து, மறைந்து, வேறு இடத்தில் முளைத்தன. புத்தகத்தில் "பொறியுடன் எரிகிறது" என்று இரண்டு சொல்லில் போட்டிருப்பார்கள். நான் அதை இருபது தடவையாவது பரீட்சையில் எழுதியிருப்பேன். பார்த்ததில்லை.

"முத்துமாரி! நீங்க ஓடலையா?"

அவள் கண்ணை எடுக்கவில்லை. "பதினெட்டு வருசமா தீ பத்திரக் கூடாது, பத்திரக் கூடாதுன்னே வேல பாக்கேன் டீச்சர். தீபாவளிக்கு வானத்துல போறத அண்ணாந்து பாக்கிறதோட சரி. பத்துனா கிட்டத்துல எப்படி இருக்கும்னு ஒரு நாளும் பாத்ததில்ல. இங்கன மருந்து எதுவுமில்ல, வெறும் இரும்புன்னு நீங்கதான சொன்னீக? அதான் உக்காந்துட்டேன்."

என்ன ஒரு நம்பிக்கை! என் வார்த்தையை நானே நம்பாமல் ஓடியிருக்கிறேன். அவள் நம்பி உட்கார்ந்திருக்கிறாள்.

"எம்புட்டு அழகா இருக்கு" என்றாள். பிறகு, "ஆனா டீச்சர், தட்டு இறங்கிருச்சே? ஆடாதுன்னு சொன்னீக."

பார்த்தேன். நார் இருந்த தட்டு தாழ்ந்திருந்தது. லேசாக அல்ல, நன்றாகவே. எரிந்தால் எடை குறையும் என்று சொன்னால்கூட ஊர் நம்பும். எரிந்த பிறகு எடை கூடுமா? இடுக்கி விழுந்திருக்கும் என்று பார்த்தேன். அது தரையில் கிடந்தது. நாடாவின் சாம்பல் ஒரு பூவிதழ் கனம்கூட இல்லை. தராசு கெட்டுவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன். (தங்கப் பதக்கம் வாங்கியவர்களின் முதல் சந்தேகம் எப்போதும் தராசின் மேல்தான்.)

முத்துமாரி கரும்பலகையைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். மறுபடி பலகையைப் பார்த்தாள்.

"டீச்சர், அந்த ரெண்டு சோடிச் செருப்ப எங்கன வச்சீக?"

"எது?"

"மூணு இரும்பு, ரெண்டு சோடிக் காத்துன்னு எழுதியிருக்கீகல்ல? தட்டுல இரும்ப மட்டுந்தான வச்சீக. காத்த வைக்கலையே. அது பொறவு வந்து ஏறியிருக்கு. அதான் கனம்."

எத்தனை வருடமாக அந்த O₂-வை எழுதியிருக்கிறேன்! அது காற்று என்று ஒரு தரம்கூட நான் நினைத்ததில்லை. இந்த அறைக்குள், என் மூக்குக்கு முன்னால், கண்ணுக்குத் தெரியாமல் நின்றுகொண்டிருந்த காற்று இரும்புக்குள் போய் உட்கார்ந்து, தராசுத் தட்டைக் கீழே இறக்கியிருக்கிறது. அது நிஜமாகவே வந்திருக்கிறது. ஜோடி ஜோடியாக வந்திருக்கிறது. சமன்பாடு பொய் சொல்லவில்லை, நான்தான் அரைப்பங்கை வெளியே விட்டுவிட்டு எடை போட்டவள். அந்த இடத்தில் எனக்குத் தோன்றியது வெட்கம்கூட இல்லை. ஜெபத்தில் முழங்கால் போடும்போது வருமே ஒரு நடுக்கம், அதுதான் வந்தது. பக்கத்தில் கிடந்த தாளாளர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேரும் கடைசிப் பொறி அணைகிற வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

வாசலில் நிழல் விழுந்தது. கருப்பசாமி அண்ணன்.

"ஏத்தா முத்துமாரி. ஓடுன்னா ஓட மாட்டியா?"

"தெரிஞ்சுதான் அண்ணே உக்காந்தேன். இதுல ஒண்ணும் ஆகாது."

"தெரிஞ்சாலும் ஓடணும். ஓடிட்டுப் பொறவு வந்து பாரு. உன் மக கிட்ட நாளைக்கு நான் என்னன்னு சொல்லுவேன்?" குரல் உடைந்துவிட்டது. முத்துமாரி தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள் நான். சொல்லாமல் கொள்ளாமல் இவர்கள் முன்னால் தீக்குச்சியைக் கிழித்தவள் நான். கேட்டேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தட்டைக் குனிந்து பார்த்து, "இது ஏன் இறங்கியிருக்கு?" என்றார்.

மிச்சப் பாடம் புங்கமரத்தடியில் நடந்தது. அறைக்குள் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை, நானே மேஜையை வெளியே தூக்கச் சொன்னேன். கருப்பசாமி அண்ணன் ஏற்பாடு பண்ணினார். மேஜையைச் சுற்றி நாலு பேருக்கு மேல் கூடாது. மற்றவர்கள் இருபது அடி தள்ளி உட்கார வேண்டும். நான் முதலில் "இப்போ கொளுத்தப் போறேன்" என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். மெக்னீசியம் கிடையாது. பாக்கெட்டில் இருந்த இரும்பு நாரைப் பங்கு போட்டு, ஏழு தடவை கொளுத்தினேன். ஆறு தடவை நாலு நாலு முகங்கள் அருகில் வந்து குனிந்தன. தீயைப் பகையாகவே பார்த்துப் பழகிய கண்கள், பயமில்லாமல் பார்க்கும்போது அவ்வளவு விரியும் என்று எனக்குத் தெரியாது. தட்டு இறங்க இறங்க, "வருது, வருது, காத்து வருது" என்று முத்துமாரிதான் விளக்கம் சொன்னாள். ஏழாவது தடவை இரண்டு பேர்தான் மிச்சம்; அதில் ஒருவர் கருப்பசாமி அண்ணன். அவர் பார்த்துவிட்டுக் கையெடுத்துத் தராசைக் கும்பிட்டார்.

அப்போதுதான் தாளாளர் வந்து சேர்ந்தார். காட்டுக்குள் குதித்தவருக்குத் திரும்பச் சுவர் ஏற வரவில்லை. ரோட்டைச் சுற்றி நடந்து வந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை முழுக்க மக்காச்சோளச் சுணை, கழுத்தைச் சொறிந்துகொண்டே நின்று கடைசித் தீயைப் பார்த்தார். எல்லாரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிய பிறகு என்னைக் கூப்பிட்டார். வேறு இடம் பார்த்துக்கொள்ள நான் தயாராகிவிட்டேன். அம்மா சர்ச் மாற வேண்டியிருக்கும் என்பது வரை யோசித்தாகிவிட்டது.

"ஏம்மா, மூணாவதா ஓடுனது நீங்கதான?"

"ஆமா சார்."

"ரெண்டாவது யாரு?"

நான் அவர் சட்டையைப் பார்த்தேன். தரையைப் பார்த்தேன். "கவனிக்கல சார்."

மறுபடி கழுத்தைச் சொறிந்தார். "எடை கூடுமின்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம். ஆனால் ஏழு தடவை அந்தத் தட்டு இறங்குவதைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை. "தெரியாது சார். தப்பா சொல்லிக் குடுக்க இருந்தேன். முத்துமாரிதான் கண்டுபிடிச்சாங்க."

"தெரியலன்னு சொல்ற டீச்சர இப்பத்தான் பாக்கேன்" என்றார். ஆணை அடுத்த வாரம் வந்தது. கூடவே இன்னொரு ஆணையும் வந்தது: பள்ளியில் எந்த அறையிலும் எந்தக் கதவையும் வகுப்பு நேரத்தில் பூட்டக்கூடாது.

ஆனால் பேர் கெட்டது கெட்டதுதான். ரோஸ்லின் மிஸ்ஸும் தாளாளரும் ஓடியது வசதியாக மறந்துபோய், டீச்சர் ஓடியது மட்டும் ஊர் முழுக்கப் பரவியது. வீட்டில் குக்கர் விசில் அடித்தால் சாமுவேல் கதவோரம் ஒதுங்கி நின்று எனக்கு வழி விடுவார். அம்மா பதக்கத்தைக் காட்டும்போது இதையும் சேர்த்துச் சொல்கிறார். எல்லாவற்றுக்கும் மேலே, கருப்பசாமி அண்ணன் கம்பெனி திறக்கிற பூஜையன்று புதிதாகச் சேர்ந்தவர்களை நிறுத்தி வைத்துச் சொல்வாராம்: "வெளிச்சமோ சத்தமோ, யோசிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது. டீச்சர் மாதிரி ஓடணும்." இருக்கன்குடி கோயிலுக்குப் போகிற பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒரு பெண், "ஓடுன டீச்சர் நீங்கதானா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இருபது வருடம் பாடம் நடத்தினாலும் கிடைக்காத புகழ், ஒரே ஓட்டத்தில் கிடைத்துவிட்டது. ரொம்ப நாள் எனக்கு அது உள்ளுக்குள் குத்திக்கொண்டுதான் இருந்தது.

அப்புறம் ஒரு நாள், செல்வி பதினொன்றாம் வகுப்பு சயின்ஸ் குரூப்பில் என் முன்னால் உட்கார்ந்திருந்தபோது, தூரத்தில் ஒரு சத்தம் கேட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். யார் கம்பெனி என்று தெரியவில்லை. முத்துமாரி போனுக்கு அடித்தேன். கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது, வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்று தெரிந்தும் அடித்துக்கொண்டே இருந்தேன். செல்வி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனை நேரம் ஆனதோ, கடைசியில் போன் அடித்தது. பேர் முத்துமாரி என்று காட்டியது. நான் பேசவில்லை, ஸ்பீக்கரைப் போட்டு அப்படியே செல்வி கையில் கொடுத்தேன்.

"அம்மா, ஓடுனியா?" என்றாள் அவள். "இல்ல, வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னியா?"

"பக்கத்து ரூமுதான். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல தாயி. எண்ணியாச்சு, சரியா இருக்கு." வகுப்பே கேட்டுக்கொண்டிருந்தது. "நான் நிக்கவே இல்ல. டீச்சர் மாதிரி ஓடுனேன்னு உங்க டீச்சர்கிட்டச் சொல்லு."